தூரம் ஒன்று, நேரம் இரண்டு!

"பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து ஜப்பானின் டோக்கியோ விமான நிலையத்திற்கு ஆகாய விமானம் நேராகச் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்?"

இவ்வாண்டு நம் பள்ளியில் நடந்த பொது அறிவுப் போட்டியின் இறுதிச் சுற்றில், கடைசியாகக் கேட்கப்பட்ட வினா இது. நீல அணியினர் "ஒன்பதரை மணி" என்றனர். சிவப்பு அணியினர் "பதின்மூன்று மணி" என்றனர். விடைத்தாளில் பதின்மூன்று என்று இருந்தது. கேடயம் சிவப்பு அணிக்குப் போயிற்று. மறுநாளே நீல அணியினர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து காட்டினர். அதில் ஒன்பதரை மணி என்றே அச்சிட்டிருந்தது! "அச்சில் வந்தது பொய்யாகுமா?" என்றது ஒரு கட்சி. "நடுவர் சொன்னதே தீர்ப்பு" என்றது மறு கட்சி. அதன் பின் ஒரு வாரம் இரு அணிகளுக்கும் இடையே பேச்சே இல்லை.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் அந்த இரு அணிகளையும் சேர்ந்தவர்கள். இப்போது சேர்ந்தே எழுதுகிறோம். சண்டை எப்படித் தீர்ந்தது என்பதைவிட, சண்டையின் முடிவில் நாங்கள் கற்றுக்கொண்டது என்ன என்பதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே விரும்புகிறோம்.

எங்கள் புவியியல் ஆசிரியை எந்தக் கட்சிக்கும் தீர்ப்புக் கூறவில்லை. அலமாரியிலிருந்த பூகோள உருண்டையையும், ஒரு முழம் நூலையும், ஓர் அளவுகோலையும் எங்கள் முன் வைத்தார். "முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். நேரத்தைப் பற்றிப் பிறகு சண்டையிடலாம்" என்றார்.

அளந்தோம். எங்கள் உருண்டையின் விட்டம் 30 சென்டிமீட்டர். பூமியின் விட்டமோ ஏறத்தாழ 12,740 கிலோமீட்டர். ஆகவே உருண்டையின் மேல் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியின் மேல் சுமார் 425 கிலோமீட்டர். ஹெல்சிங்கியில் ஒரு முனையையும் டோக்கியோவில் மறு முனையையும் வைத்து நூலை இறுக இழுத்தபோது, அதன் நீளம் பதினெட்டரைச் சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக இருந்தது. பெருக்கினால் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். இரு அணியினரும் மறுக்க முடியாத முதல் உண்மை இது.

நூல் எங்களுக்கு இன்னொரு வியப்பையும் காட்டியது. வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே கோடு கிழித்தால், அது கஸக்ஸ்தான், மங்கோலியா, சீனா என்று தெற்கே போகிறது. உருண்டையின் மேல் இழுத்த நூலோ வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, சைபீரியாவின் பனிக்காடுகளுக்கு மேலாக வளைந்து இறங்குகிறது! தட்டையான தாளில் நேர்க்கோடாகத் தெரிவது உருண்டையில் சுற்றுவழி. தாளில் வளைவாகத் தெரிவதே உருண்டையில் குறுக்குவழி. விமானம் பறப்பது தாளின் மேல் அன்று, உருண்ட உலகின் மேல் அல்லவா? இந்த நூலின் பாதையில் பெரும்பகுதி ருஷ்ய நாட்டின் மீதே கிடக்கிறது என்பதைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற கதையெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது.

இனி நேரத்திற்கு வருவோம். நேரத்தைக் கணக்கிடும்போது நம்மில் பலர் முதலில் தடுக்கி விழுவது கடிகாரத்தில்தான். குளிர்காலத்தில் ஜப்பானின் கடிகாரம் பின்லாந்தின் கடிகாரத்தைவிட ஏழு மணி நேரம் முந்தி ஓடுகிறது. கோடையில் ஆறு மணி நேரம். எடுத்துக்காட்டாக, ஒரு குளிர்கால மாலை ஆறு மணிக்கு ஹெல்சிங்கியில் புறப்பட்ட விமானம் மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு டோக்கியோவில் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்தால் இருபது மணி நேரம். அதில் ஏழைக் கழித்தால் உண்மையில் பறந்தது பதின்மூன்று மணி நேரம்.

இரண்டாவது, காற்று. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருவேகத்தில் ஓடும் காற்றாறுகள் உண்டு. இதை முதலில் அளந்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஊயிஷி. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகத்தார் எல்லோரும் படிக்க வேண்டும் என்ற ஆவலில், தம் அறிக்கையை எல்லா நாட்டாருக்கும் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினாராம்! பாவம், படித்தவர் மிகச் சிலரே. இக்காற்றின் காரணமாகவே கிழக்கே போகும் விமானம் விரைவாகவும், மேற்கே திரும்பும் விமானம் தாமதமாகவும் போய்ச் சேர்கிறது.

பூமியின் வடிவும் காற்றின் ஓட்டமும் இறைவன் வகுத்தவை. அவற்றை மட்டும் கணக்கில் கொண்டால் விடை ஒன்பதரை மணிதான். 7,800 கிலோமீட்டரை ஒன்பதரையால் வகுத்தால் மணிக்குச் சுமார் 820 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்திற்கு ஏற்ற சராசரி வேகம். அப்படியானால் பதின்மூன்று எங்கிருந்து வந்தது? மூன்றரை மணி நேரத்தை இடையே நுழைத்தவர் யார்?

மனிதர்தாம்! இதைச் சொல்லவே இக்கட்டுரை.

1944-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியின் மீது முழு உரிமை உண்டு என்பது அதன் முதல் விதி. நிலத்தில் வேலி போடுவது போலவே வானத்திலும் வேலி போடலாம் என்று இதற்குப் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஒன்றியமும் மேலை நாடுகளும் ஒன்றையொன்று சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தில், சைபீரியாவின் வானம் மேலை நாட்டு விமானங்களுக்குப் பூட்டிக் கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ செல்வோர் தென்வழியாக ஊர் ஊராக இறங்கி ஏறிப் போனால் இரண்டு நாட்களுக்கு மேலாயிற்று. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு, டோக்கியோவுக்குப் போகும் வழியைத் திறந்தது. பயணம் சுமார் 32 மணி நேரமாகக் குறைந்தது. அதையே அன்று சாதனை என்று உலகம் கொண்டாடியது.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கூடுதல் எண்ணெய்த் தொட்டிகள் பொருத்திய டி.சி.10 விமானத்தில், எங்கும் இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து வடதுருவம் வழியாக டோக்கியோவுக்குப் பறந்தது. ஆன நேரம் சுமார் பதின்மூன்று மணி! மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நடந்த முதல் நிற்காப் பயணம் அதுவே. விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஏன் துருவத்தைச் சுற்ற வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் அந்த வெற்றிக்குள்ளே ஒரு வேதனையும் ஒளிந்திருக்கிறது. நேர்வழி கண்ணெதிரே கிடந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

அதே 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆங்கரேஜிலிருந்து சியோல் நகருக்குப் புறப்பட்ட கொரியப் பயணி விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் சென்றுவிட்டது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். வானத்து வேலிக்கு முள் உண்டு என்று உலகம் அன்று கண்டது. அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. செயற்கைக்கோள்களின் துணையால் இருக்குமிடம் அறியும் அமெரிக்க முறையை, அது நிறைவு பெற்றதும், எல்லா நாட்டுப் பயணி விமானங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அம்மாதமே அறிவிக்கப்பட்டது. இன்று நம் வீட்டார் கைப்பேசியில் வழி பார்க்கும்போது, அந்த 269 பேரை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நம் கடமை அல்லவா?

காலம் மாறியது. 1980களின் இறுதியில் பகைமை தணிந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. சைபீரிய வானத்தின் கதவுகள் படிப்படியாகத் திறந்தன. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணியாயிற்று. நீல அணியினர் கொண்டுவந்த புத்தகம் அந்த நல்ல காலத்தில் அச்சானது! ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருந்த சிறிய பின்லாந்து, ஆசியாவுக்குக் குறுக்குவழியாக விளங்கியது. பல நாட்டுப் பயணிகள் அங்கே வந்து விமானம் மாறிச் சென்றனர்.

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யப் படைகள் உக்ரைன் நாட்டின் மீது படையெடுத்தன. சில நாட்களுக்குள் ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ருஷ்யாவும் பதிலுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் மாதத்தில் ஹெல்சிங்கி விமானம் மீண்டும் டோக்கியோவுக்குப் புறப்பட்டபோது அதற்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, தெற்கே மத்திய ஆசிய நாடுகளைக் கடந்து சுற்றிப் போவது. மற்றொன்று, பழையபடி வடதுருவம் வழியே போவது. அன்றன்றைய காற்றைப் பார்த்து வழியைத் தேர்ந்தார்கள். எந்த வழியில் போனாலும் சுமார் பதின்மூன்று மணி! 1983-இல் தொடங்கிய இடத்திற்கே நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் திரும்பி வந்துவிட்டது. எத்தனையோ சிறந்த புதிய விமானங்கள் வந்திருந்தும், கடிகார முள் பின்னோக்கி நகர்ந்தது.

வடதுருவத்தின் மேல் பறந்த பயணிகளுக்கு அந்நிறுவனம் ஒரு நினைவுச் சான்றிதழ் வழங்கியது. அழகான வழக்கம்தான். இதைப் படித்தபோது நம் இந்துமாக்கடலின் மேல் நடந்த மற்றொரு பயணமும் எங்கள் நினைவுக்கு வந்தது. அதிலும் சான்றிதழ் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையேயான வான்வழி அறுந்துபோயிற்று. 1943 முதல் 1945 வரை, பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்குக் கட்டலினா என்னும் கடல் விமானங்கள் நிற்காமல் பறந்தன. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நேரமோ சுமார் 28 மணி! எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்து சென்றனர். எண்ணெயின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டதால், "இரட்டைச் சூரியோதய இரகசியக் கழகம்" என்ற பெயரில் பயணிகளுக்குச் சான்றிதழ் தந்தனர். அன்றும் சான்றிதழ், இன்றும் சான்றிதழ். ஒவ்வொரு சான்றிதழுக்குப் பின்னாலும் மூடிய கதவு ஒன்று இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

நிற்க. "மூன்றரை மணி நேரம் அதிகமானால் என்ன குடி முழுகிவிடும்? விமானத்தில் போகிறவர் வசதி படைத்தவர். இன்னும் ஒரு தூக்கம் போடட்டுமே!" என்று சில தோழியர் எங்களிடம் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், மூன்றரை மணி என்பது பயணிகளின் தூக்கத்தோடு முடிவதில்லை. பயண நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும்போது அந்த அளவுக்கு எண்ணெயும் கூடுதலாக எரிகிறது. கூடுதல் எண்ணெயைச் சுமந்து செல்லவே இன்னும் எண்ணெய் வேண்டும். எண்ணெயின் பாரம் கூடினால் சரக்கின் பாரத்தைக் குறைக்க வேண்டும். கட்டணம் உயர்கிறது. காற்றில் கரி கூடுகிறது. வசதி படைத்தவர் மூன்றரை மணி தூங்கிக் கழிப்பார். வசதி இல்லாத மாணவரோ, ஊர் திரும்பக் காத்திருக்கும் தொழிலாளியோ, பயணத்தையே கைவிடுவார்.

இன்னொரு தோழி இதற்கு நேர்மாறாகக் கேட்டாள். "அநியாயம் செய்த நாட்டுக்குக் கதவைச் சாத்துவது குற்றமா?" குற்றம் என்று நாங்கள் கூறவில்லை. 2022 மார்ச் 2 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 141 நாடுகள் கூடி, ருஷ்யப் படைகள் உடனே வெளியேற வேண்டும் என்று வாக்களித்தன. அண்டை வீட்டான் அடிபடும்போது ஊரார் கைகட்டி நிற்க முடியாது. நாங்கள் சொல்வது இவ்வளவே: போர் என்பது போர்க்களத்தோடு நிற்பதில்லை. குளத்தில் எறிந்த கல் கரை வரைக்கும் அலையை அனுப்புவது போல, போரில் சேராத பயணியின் கடிகாரத்திலும் அது மூன்றரை மணியைத் திருடிக்கொள்கிறது.

ஆனால் கல் விழுந்த இடத்தில் நேர்ந்தது என்ன? அதையும் எண்ணிப் பார்ப்போம். படையெடுப்பு நடந்த அதே நாளில் உக்ரைனின் வானம் பயணி விமானங்களுக்கு மூடப்பட்டது. கீவ் நகரின் போரிஸ்பில் விமான நிலையம் பரபரப்பான பெரிய நிலையமாக இருந்தது. அங்கிருந்து பயணி விமானங்கள் ஆண்டுக்கணக்காக எழவில்லை. இலட்சக்கணக்கான தாய்மாரும் குழந்தைகளும் இரயிலிலும் பேருந்திலும் நடந்தும் போலந்து எல்லையைக் கடந்தனர். "கீவிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்று நம் போட்டியில் கேட்டிருந்தால் என்ன விடை கூறியிருப்போம்? தூரம் இருக்கிறது. உருண்டையில் நூல் வைத்து அளக்கலாம். நேரத்திற்கோ விடையே இல்லை! ஹெல்சிங்கிப் பயணி இழந்தது மூன்றரை மணி. கீவ் நகரத்துச் சிறுமி இழந்தது கணக்கில் அடங்காதது.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். இரு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பூமி தீர்மானிக்கிறது. நேரத்தில் ஒரு பங்கைக் காற்றும் பொறியும் தீர்மானிக்கின்றன. மீதியைத் தீர்மானிப்பது மனித மனம். எந்த விஞ்ஞானியும் இன்னும் வேகமான விமானத்தைச் செய்து இந்த மூன்றரை மணியைக் குறைப்பதைக் காட்டிலும், இரு நாடுகள் கை குலுக்கிக் குறைப்பது எளிது. சமாதானமே உலகின் மிகச் சிறந்த குறுக்குவழி!

இது பெரிய நாடுகளின் விவகாரம், பள்ளி மாணவியராகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். எங்கள் கதையையே சொல்கிறோம். போட்டி முடிந்த பின் அந்த ஒரு வாரம், நீல அணித் தலைவியும் சிவப்பு அணித் தலைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தனர். நடுவே ஒரு சாண் தூரம்தான். ஆனால் இவள் கேட்ட அழிரப்பர் அவளிடமிருந்து நேராக வரவில்லை. பின்பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வரிசைக்குத் தாவி, மூன்று பேர் கைமாறி வந்தது! ஒரு சாண் தூரத்திற்குத் துருவத்தைச் சுற்றினோம். பூகோள உருண்டையின் முன் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எங்கள் வகுப்பின் வானத்தை நாங்களே மூடி வைத்திருப்பது எங்களுக்கு உறைத்தது. நூலின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறு முனையை அவள் பிடிக்க வேண்டியிருந்தது. "இறுகப் பிடி" என்று ஒருத்தி சொன்னாள். ஒரு வாரத்தில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒன்பதரை என்ற விடை அதன் காலத்தில் சரி. பதின்மூன்று என்ற விடையும் அதன் காலத்தில் சரி. தவறு வினாவில்தான். "எந்த ஆண்டில்?" என்ற சொல் அதில் விடுபட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டு வினாத்தாள் தயாரிக்கும் தங்கையர் இதைக் கவனத்தில் கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம். கேடயத்தைப் பற்றி சிவப்பு அணியினரே ஒரு யோசனை கூறினர். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களும் புன்னகையோடு ஒப்புக்கொண்டார்கள். அதன்படி அது முதல் அரையாண்டு ஓர் அணியிடமும் அடுத்த அரையாண்டு மற்றோர் அணியிடமும் இருக்கும்.

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஒன்பதரை மணி என்று மீண்டும் அச்சிடும் நாள் வர வேண்டும். கீவ் நகரத்துச் சிறுமி தன் ஊரிலிருந்தே விமானம் ஏறும் நாளும் வர வேண்டும். அந்நாள் விரைவில் வர இறைவனை வேண்டுவோம். அதுவரை, அருகிலிருப்பவளிடம் நேராகப் பேசக் கற்றுக்கொள்வோம்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்,
நீல அணியும் சிவப்பு அணியும் சேர்ந்து